உரையாடல் தாழ, ஓசை ஓங்க

ரூஜ் பகுதியில் மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழும் தமிழ் இல்லங்கள் உள. இரவில் படம் பார்க்கும் முதியவர், பேச்சு விளங்கவில்லையென ஒலியைக் கூட்டுவார். மறுகணமே வெடியோசையில் குழந்தை விழித்தழும்.

இது செவியின் குறை மட்டுமன்று. 'குருதிப்புனல்' 1995இல் டொல்பி ஒலியுடன் வந்தது. அத்தகைய பல்தட ஒலி திரையரங்குக்கென அமைவது. மென்பேச்சுக்கும் வெடிக்கும் இடைவெளி பெரிது. நடு ஒலிபெருக்கிக்குரிய உரையாடல், தொலைக்காட்சியின் இரு சிறு ஒலிபெருக்கிகளில் இசையோடு கலந்து மங்குகிறது.

பரிகாரம் எளிது. ஒலியமைப்பில் 'இரவு' முறையைத் தெரிவுசெய்க. அது உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லொலியை உயர்த்தும். தனி ஒலிபெருக்கிகள் இருப்பின் நடுவிலுள்ளதை மட்டும் உயர்த்துக. தாழ்சுர ஒலிபெருக்கியைத் தணித்திடுக. சுவரையும் தளத்தையும் எளிதிற் கடப்பது அதன் அதிர்வே. முதியவருக்குப் பேச்சும் மழலைக்கு உறக்கமும் ஒருங்கே வாய்க்கும்.