பள்ளிப் பாடமும் பெற்றோர் நம்பிக்கையும்

சில வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிறு மாலை நம் சங்க நூலகத்தில் நடந்த பேச்சிலிருந்து பிறந்தது இக்கட்டுரை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டுத் திரும்பியிருந்தார் மூத்த உறுப்பினர் ஒருவர். பேச்சுவாக்கில் அவர் சொன்னது இது:

"பேத்தி இரண்டாம் வகுப்பு. பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது, சார். வகுப்பில் ஒரு கதைப் புத்தகம் வாசிக்கப் போகிறார்களாம். இரண்டு ஆண்கள் கல்யாணம் செய்துகொள்வது கதை. உங்கள் மத நம்பிக்கைக்கு ஒத்துவராது என்றால் எழுதிக் கொடுங்கள், அந்த நேரம் மட்டும் குழந்தையை வேறு அறையில் உட்கார வைக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். மாப்பிள்ளை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். மகள் வேண்டாம் என்றாள். பேத்தியின் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கு இரண்டு அம்மாக்கள். எங்கள் வீட்டுக்கு வந்து தோசை சாப்பிட்டுப் போகிற குழந்தை. கடைசியில் என்னைக் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை."

அன்று கூடியிருந்த நாங்கள் யாரும் அவருக்குத் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் ஏராளம். ஆகவே அந்தக் கடிதம் எங்கிருந்து வந்தது, அதன் பின்னால் என்ன நடந்தது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

வழக்கு பிறந்த கதை

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டியிருப்பது மேரிலாந்தின் மான்ட்கோமரி மாவட்டம். அந்த மாநிலத்தின் மிகப் பெரிய அரசுப் பள்ளி அமைப்பு அங்கேதான் இருக்கிறது. சுமார் 1,60,000 மாணவர்கள் படிக்கிறார்கள். உலகின் பல நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் அங்கே ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். இந்தியர்களும் உண்டு.

தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், அதாவது ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், மேரிலாந்தில் 2013 சனவரி முதல் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாம். 2012இல் மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட சட்டம் அது. 2015இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் அந்த உரிமையை உறுதி செய்தது. ஆக, இரண்டு அம்மாக்களோ இரண்டு அப்பாக்களோ உள்ள குழந்தைகள் அந்த வகுப்பறைகளில் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

2022இல் மாவட்டக் கல்வி வாரியம், இத்தகைய குடும்பங்களும் மனிதர்களும் இடம்பெறும் சில படக்கதைப் புத்தகங்களைத் தொடக்கப் பள்ளி ஆங்கிலப் பாடத்தில் சேர்த்தது. அவற்றில் ஒன்று 'அங்கிள் பாபிஸ் வெட்டிங்'. குளோயி என்ற சிறுமிக்குத் தன் மாமா பாபி என்றால் உயிர். மாமா ஜேமி என்ற ஆணை மணக்கப் போகிறார் என்றதும், இனித் தன்னோடு விளையாட நேரம் ஒதுக்க மாட்டாரோ என்று ஏங்குகிறாள். முடிவில் மாமா ஒருவருக்கு இரண்டு பேர் கிடைத்த மகிழ்ச்சி அவளுக்கு.

முதலாண்டில், விரும்பாத பெற்றோருக்கு விலக்கு தரப்பட்டது. 2023 மார்ச்சில் வாரியம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. இரண்டு முக்கியக் காரணங்களைச் சொன்னது. விலக்குக் கேட்பவர்கள் பெருகிவிட்டதால் வகுப்பை நடத்துவது கடினம் என்பது ஒன்று. ஒரு கதை தொடங்கும்போது பிள்ளைகள் எழுந்து வெளியே போனால், அந்தக் கதையில் தன் குடும்பத்தைக் காணும் குழந்தை அவமானமும் தனிமையும் அடையும் என்பது மற்றொன்று.

2023 மே மாதம் சில பெற்றோர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். அவர்களில் முஸ்லிம்கள், கத்தோலிக்கர், உக்ரைன் மரபுவழிக் கிறித்தவர் ஆகியோர் இருந்தனர். வாரிய அலுவலகத்தின் முன் நடந்த ஆர்ப்பாட்டங்களில் எத்தியோப்பியாவிலிருந்து குடியேறிய கிறித்தவக் குடும்பங்களும் கலந்துகொண்டன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புத்தகங்களை அகற்றும்படி அவர்கள் நீதிமன்றத்தைக் கேட்கவில்லை. எங்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், எங்கள் பிள்ளைகளை அந்த நேரம் விட்டுவிடுங்கள் என்று மட்டுமே கேட்டார்கள்.

இரு தரப்பு நியாயம்

கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் பெற்றோருக்கு இடைக்காலத் தடை தர மறுத்தன. வேறு கருத்துள்ள ஒரு கதையைக் கேட்பதாலேயே சமய உரிமை பறிபோய்விடாது என்ற திசையில் அவை சென்றன. 'மஹ்மூத் எதிர் டெய்லர்' என்ற பெயரில் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2025 சூன் 27 அன்று 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் பெற்றோர் பக்கம் தீர்ப்பு வந்தது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாமுவேல் அலிட்டோ. 1972ஆம் ஆண்டு ஆமிஷ் வழக்கு அவருக்கு முன்னோடி. எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது தங்கள் சமய வாழ்வைக் குலைக்கும் என்ற ஆமிஷ் பெற்றோரின் வாதத்தை அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதே வழியில், இப்புத்தகங்கள் வெறும் அறிமுகம் அல்ல, ஒரு கருத்தைக் கொண்டாடிச் சொல்பவை. ஆசிரியர்களுக்குத் தரப்பட்ட குறிப்புகளும் அவ்வாறே குழந்தைகளின் ஐயங்களுக்கு விடை சொல்லச் சொல்கின்றன. சிறு பிள்ளைகள் ஆசிரியர் சொல்லை அப்படியே ஏற்பவர்கள் என்றார் அலிட்டோ. பிடிக்காவிட்டால் தனியார் பள்ளிக்குப் போங்கள் என்று சொல்வதும் சரியல்ல. அரசுப் பள்ளி எல்லோருக்கும் உரியது என்றார். வழக்கு முடியும்வரை பெற்றோருக்கு முன்னறிவிப்பும் விலக்கும் தர வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது.

மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சோனியா சோட்டோமேயர். பலதரப்பட்ட மனிதர்களோடு ஒன்றாக வளரக் கற்றுக்கொள்ளும் இடம் அரசுப் பள்ளி. இன்று இதற்கு விலக்கு என்றால் நாளை எத்தனையோ பாடங்களுக்கு விலக்குக் கேட்பார்கள். தொல்லை வேண்டாம் என்று பள்ளிகள் இத்தகைய புத்தகங்களையே கைவிட்டுவிடும் என்று அவர் அஞ்சினார். கதையை எல்லோரும் தாமே படித்துப் பார்க்கட்டும் என்பது போல, 'அங்கிள் பாபிஸ் வெட்டிங்' புத்தகத்தையே தம் தீர்ப்புடன் இணைத்துவிட்டார்.

பர்மிங்காமில் நடந்தது

இதே பிரச்சினை இங்கிலாந்தில் வேறு விதமாகப் போயிற்று. பர்மிங்காம் நகரின் பார்க்ஃபீல்டு பள்ளியில் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள். அங்கே ஆண்ட்ரூ மோஃபட் என்ற ஆசிரியர் 'வெளியாள் யாரும் இல்லை' என்ற பொருள்படும் பெயரில் ஒரு பாடத்திட்டம் வகுத்திருந்தார். இனம், சமயம், வயது, உடற்குறை ஆகியவற்றோடு இரண்டு அம்மாக்கள் உள்ள குடும்பத்தையும் மதிக்கச் சொல்லும் திட்டம் அது. 2019 தொடக்கத்தில் பெற்றோர்கள் பள்ளி வாசலில் திரண்டார்கள். ஒரு நாள் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள்.

பாடம் நிறுத்திவைக்கப்பட்டது. பள்ளியும் பெற்றோரும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். சமய நம்பிக்கையுள்ள சமூகத்துக்கு ஏற்ப மாற்றங்களுடன், எந்தக் குடும்பத்தையும் விட்டுவிடாமல், அந்த ஆண்டு செப்டம்பரில் பாடம் மீண்டும் தொடங்கியது.

அதே நகரின் ஆண்டர்டன் பார்க் பள்ளியில் அவ்வாறு முடியவில்லை. வாசலில் ஒலிபெருக்கி வைத்து நடந்த ஆர்ப்பாட்டத்தால் குழந்தைகளும் ஆசிரியர்களும் வாடினர். 2019 நவம்பரில் உயர் நீதிமன்றம் பள்ளியைச் சுற்றி ஆர்ப்பாட்டத்துக்குத் தடை விதித்தது. பள்ளியில் இன்னின்னது கற்பிக்கிறார்கள் என்று பரவிய செய்திகள் பலவும் உண்மைக்கு மாறானவை என்றும் நீதிபதி கண்டார். பாடநூலை நேரில் புரட்டிப் பார்த்த பெற்றோரைவிட, யாரோ சொன்னதைக் கேட்டுக் கொதித்தவர்கள் அதிகம் போலும்!

நம் நாட்டு அனுபவம்

இவை எல்லாம் வெள்ளைக்காரர் நாட்டுச் சங்கதி என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. பெற்றோரின் சமயமும் பள்ளியின் ஒழுங்கும் மோதிய வழக்கு நம் நாட்டிலும் உண்டு. 1985இல் கேரளத்தில் யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள். ஆனால் தங்கள் நம்பிக்கைப்படி பாட மாட்டார்கள். 1986இல் நம் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க ஆணையிட்டது. அக்குழந்தைகள் மற்றவர்கள் பாடுவதைத் தடுக்கவில்லை, இகழவும் இல்லை. விலகி நிற்பதிலும் ஒரு மரியாதை உண்டு என்பதற்கு அவர்கள் சான்று.

நிற்க. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள் வந்தார்கள். ஒருவரையொருவர் விரும்பியவர்கள், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்துவிட்டவர்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இது பற்றித் தமக்கே முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு பிறப்பித்த ஆணையில் பள்ளிகளையும் மறக்கவில்லை. இத்தகைய பிள்ளைகளுக்கு வீட்டில் ஆதரவு கிடைக்கும்படி, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் பெற்றோருக்கு விளக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். ஒரு நீதிபதியே மாணவனாகி உட்கார்ந்தார் என்பது நம்மைப் போன்ற பெரியவர்களுக்கு ஒரு பாடம்.

அதே ஆண்டு, பள்ளிகளில் திருநர் குழந்தைகளை எவ்வாறு அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்காக என்.சி.இ.ஆர்.டி. ஒரு கையேடு வெளியிட்டது. எதிர்ப்பு எழவே சில நாட்களிலேயே அது இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. ஆக, இந்தப் பேச்சு நம் பள்ளி வாசலுக்கும் வந்துவிட்டது.

நாம் என்ன செய்யலாம்?

சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு இதில் இரண்டு பக்கமும் புரிய வேண்டும். வீட்டில் சொல்லிக்கொடுத்ததைப் பள்ளி கலைத்துவிடுமோ என்ற பயம் நமக்குப் புதிதா? பிள்ளை தமிழையும் கோயிலையும் மறந்துவிடக் கூடாதென்றுதானே இந்தச் சங்கத்தையே கட்டினோம்! அந்த எத்தியோப்பியத் தாயின் கவலை நம் கவலையேதான்.

மறுபக்கமும் நாம் பட்டதுதான். டிபன் டப்பாவைத் திறந்ததும் முகம் சுளித்த வகுப்புத் தோழர்களையும், "மதராசி" என்ற கேலியையும் அனுபவித்தவர்கள் நம் பிள்ளைகள். தன் வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் எழுந்து போகிறார்கள் என்றால் ஏழு வயதுக் குழந்தைக்கு எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் ஓர் அளவுக்குத்தான் உதவும். வகுப்பறையிலிருந்து யார் வெளியே போகலாம் என்பதை நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெளியே போகும் குழந்தை என்ன நினைத்துக்கொண்டு போகிறது, திரும்பி வந்து பக்கத்தில் இருப்பவளிடம் எப்படிப் பேசுகிறது என்பதை எந்த நீதிமன்றமும் சொல்ல முடியாது. அது வீட்டின் வேலை.

ஆகவே அத்தகைய கடிதம் வந்தால் முதலில் அந்தப் புத்தகத்தை வாங்கி நாமே படிப்போம். பத்து நிமிட வேலை. ஐயம் இருந்தால் ஆசிரியரைப் பார்த்து, எந்த வகுப்பில், எதற்காக வாசிக்கிறீர்கள் என்று கேட்போம். பள்ளிகளும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாமல் செய்வதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். அதன் பின் விலக்குக் கேட்பதும் கேட்காததும் அவரவர் மனச்சாட்சி. எப்படி முடிவு செய்தாலும், "நம் வீட்டு வழக்கம் இது, உன் தோழியின் வீடும் வீடுதான், அவளைப் பற்றி யாரும் தாழ்வாகப் பேச நீ இடம் கொடுக்காதே" என்று நம் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். விலக்குக் கேட்கும் வீட்டுக்குத்தான் இதைச் சொல்லும் பொறுப்பு இன்னும் அதிகம்.

இதை எழுதி முடித்ததும் அந்த மூத்த உறுப்பினருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, மகள் வீட்டில் நடந்ததைச் சொன்னார். இன்னும் முடிவாகவில்லையாம். புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துவந்து மாப்பிள்ளையும் மகளும் சேர்ந்து படித்தார்களாம். மாப்பிள்ளையின் மனம் முழுதும் மாறிவிடவில்லை; என்றாலும் ஆசிரியையைப் பார்க்க அவரே நேரம் கேட்டிருக்கிறாராம்.

"அந்தக் குழந்தை வருகிறாளா?" என்று கேட்டேன்.

"போன சனிக்கிழமைகூட வந்தாளாம். இப்போது சட்னி போதாதாம், சாம்பாரும் கேட்கிறாளாம்" என்றார்.