கூரையும் மின்கணக்கும்

பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் தாமிரபரணியின் விசையைக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை ஓட்டினார்கள். 1944-இல் அங்கே நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் கயத்தாற்றுப் பொட்டல்களில் காற்றாலைகள் எழுந்தன. 2013-இல் கூடங்குளத்தின் முதல் அணு உலையும் மின்தொகுப்போடு இணைந்தது. இத்தனை விதமாக மின்சாரத்தை உற்பத்தி செய்யும் சீமையில், அதைச் செலவழிக்கும் வீட்டைப் பற்றிய யோசனை மட்டும் போதிய அளவு வளரவில்லை என்பது எனக்கு வெகுநாளைய விசாரம்.

நம் வீடுகளில் மின்சாரத்தின் பெரும் பகுதி உஷ்ணத்தோடு போராடவே செலவாகிறது. அந்த உஷ்ணமோ பெரும்பாலும் கூரை வழியாக வருகிறது. சித்திரை பிறப்பை ஒட்டிய நாட்களிலும் மறுபடி ஆவணி நடுவிலும் சூரியன் நெல்லைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் சற்றே வடக்கே ஒதுங்குவதால் தெற்குச் சுவர் தப்பித்துக்கொள்ள, பகல் முழுவதும் வெயிலை வாங்கிச் சேமித்து வைப்பது மேல்தளம்தான்.

கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரங்களிலும் அம்பாசமுத்திரத்துப் பழைய தெருக்களிலும் வீடு கட்டினவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டித்து, அதன்மேல் தட்டோடு பதித்த மட்டப்பாவும், நாட்டோட்டுக் கூரைக்கும் பட்டாசாலைக்கும் நடுவே காற்றை நிறுத்தி வைத்த மச்சும், வெப்பக் காற்று மேலேறிப் போக வழிவிட்ட முற்றமும், தெருவெயிலைத் தடுத்த தார்சாவும் சேர்ந்தே அந்த வீடுகளுக்குக் குளிர்ச்சியைத் தந்தன. அவற்றை அப்படியே மறுபடி கட்டச் சொல்வது நியாயமல்ல. தேக்கும் கிடையாது, அவ்வளவு மனையும் கிடையாது, அந்த அறைகளின் இருட்டும் இன்று யாருக்கும் வேண்டாம். ஆனால் ஐந்தங்குல கான்கிரீட்டைத் தலைக்கு மேல் வைத்துவிட்டு, குளிர்சாதனத்தின் நட்சத்திரங்களை எண்ணுவது காரியத்தைத் தலைகீழாகத் தொடங்குவதாகும்.

பரீட்சை செய்வதற்கு நிபுணர் தேவையில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல்மாடி அறையில் ஒரு வெப்பமானியை வைத்து, அதே நேரத்தில் வெளித் திண்ணையின் உஷ்ணத்தையும் பாருங்கள். உள்ளே வெகுவாகக் கூடியிருந்தால், தளம் பகலில் வாங்கியதை இரவில் திருப்பித் தருகிறது என்று அர்த்தம். எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்த பின்பும் மீட்டரின் சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டே இருந்தால், எங்கோ மின்சாரம் வீணாகிறது. குளிர்பதனப் பெட்டியின் கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுக்கும்போது அது தாராளமாக வழுகி வந்தால், ரப்பர் விளிம்பு பழுதுபட்டிருக்கிறது.

பரிகாரமும் மேலிருந்தே தொடங்க வேண்டும். மொட்டைத் தளத்தில் வெள்ளை ஓடு பதிக்கலாம். வசதி இல்லாதவர்கள் வருஷம்தோறும் கோடைக்கு முன் சுண்ணாம்பாவது அடிக்கலாம். மேற்கு ஜன்னல் விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். பிற்பகல் வெயில் வருவதும் அந்தப் பக்கம்தான். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலின் ஈரத்தோடு காற்று வருவதும் அந்தப் பக்கம்தான். ஆகையால் அதை அடைத்துவிடாமல், வெளியே தட்டியோ மரமோ நிழல் தரும்படி செய்து, அந்தியில் திறந்துவிடுவதே உத்தமம். கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெப்பத்தை உட்புறத் திரையால் வெளியேற்ற முடியாது.

அதன் பிறகு உபகரணங்கள். சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. மோட்டார் கொண்டது 30 வாட்டில் சுழலும். தினம் பதினான்கு மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்கில் ஒரு விசிறியாலேயே ஏறக்குறைய 38 யூனிட் மிச்சமாகும். குளிர்சாதனத்தை 24 டிகிரியில் நிறுத்துவதும் நல்ல பழக்கம். ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் சுமார் ஆறு சதவீதம் மின்சாரம் குறையும்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018-இல் குடியிருப்புகளுக்கென வெளியிட்ட ‘ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா’, கூரை வழியே கடத்தப்படும் வெப்பத்துக்கு உச்சவரம்பாக, சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் 1.2 வாட் என விதித்திருக்கிறது. வெறும் கான்கிரீட் தளம் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமாகக் கடத்தும். கம்பி கட்டுவதற்கு முன்பே, தம் வீட்டுத் தளத்துக்கு அந்த எண் எவ்வளவு வரும் என்று கணக்கிட்டு வரைபடத்தில் எழுதித் தரும்படி பொறியாளரிடம் கேட்பது வீட்டுக்காரரின் உரிமை. தயங்காமல் கேட்க வேண்டும்.