தண்டனை இல்லையென்றால் ஆகுமானதாகிவிடுமா?



அமெரிக்காவில் போதைக் காளானுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்ற பேச்சு நம் பிள்ளைகளின் காதுகளையும் எட்டியுள்ளது. அங்கே நடந்தது என்ன என்பதைப் பெற்றோர் சரியாக விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

சிலவகைக் காளான்களில் சைலோசைபின் என்ற பொருள் உள்ளது. உடலுக்குள் சென்றதும் அது சைலோசினாக மாறி மூளையைத் தாக்குகிறது. இல்லாதவை இருப்பது போலத் தோன்றும். காலமும் இடமும் குழம்பும். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு இது பேராபத்தாகவும் முடியலாம்.

2019 மே மாதம் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் இக்காளான் குறித்து வாக்கெடுப்பு நடந்தது. 50 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய வாக்குகளால் அது நிறைவேறியது. அதன் பொருள் யாது? 21 வயது நிறைந்தவர் தம் சொந்த உபயோகத்திற்கு அதனை வைத்திருந்தால், அவரைப் பிடிப்பது காவல்துறையின் கடைசி வேலையாக இருக்க வேண்டும். அவரைத் தண்டிக்க நகரத்தின் பணத்தைச் செலவிடக் கூடாது என்பதே. விற்பனைக்கு அது அனுமதி தரவில்லை. அடுத்த மாதமே கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரசபை, மயக்கந்தரும் செடிகளையும் கள்ளிகளையும் சேர்த்து இதுபோன்ற தீர்மானம் இயற்றியது. 2020 நவம்பரில் தலைநகர் வாஷிங்டனின் வாக்காளர்களும் அவ்வழியே சென்றனர். ஆனால் 2024இல் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் இத்தகைய சட்டத்தை நிராகரித்துவிட்டனர்.

ஆதரிப்போரின் வாதத்தையும் நாம் நியாயமாகக் கேட்க வேண்டும். போதையில் வீழ்ந்தவரைச் சிறையிலடைப்பதால் அவர் திருந்துவதில்லை என்கின்றனர். கடும் மனச்சோர்வுக்கு இது மருந்தாகுமா என்ற ஆய்வுகளும் நடக்கின்றன. ஆனால் அவ்வாய்வுகள் மருத்துவர்களின் கண்காணிப்பில், அளவறிந்து நடப்பவை. நண்பர்கள் கூடி உண்பதற்கு அவை சான்றாகா.

பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியுள்ள பெற்றோர்களே! இன்னொன்றையும் கவனியுங்கள். 1970ஆம் ஆண்டின் அமெரிக்க நடுவணரசுச் சட்டம் சைலோசைபினை மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்தது. அதை மாற்றும் அதிகாரம் எந்த நகரசபைக்கும் கிடையாது. விசாவும் குடியேற்றமும் நடுவணரசின் கையில் உள்ளவை. உள்ளூர்க் காவலர் கண்டும் காணாதிருக்கும் ஒரு செயல், அயல்நாட்டு மாணவரின் விசாவைப் பறித்து, அவரை நாடு கடத்தவும் காரணமாகலாம்.

எனவே, தண்டிக்கப்படாதது என்பது வேறு. சட்டம் அனுமதித்தது என்பது வேறு. மார்க்கத்தில் ஆகுமானது என்பது முற்றிலும் வேறு. அறிவை மயக்கும் பொருளை விலக்கிய கட்டளை வாக்கெடுப்பால் மாறுவதன்று. மனநோயால் வாடுவோர் அதனை மறைக்காமல் மருத்துவரை நாடட்டும். மருந்து குறித்த ஐயங்களை ஆலிம்களிடம் கேட்டறியட்டும். வழிதவறிய பிள்ளையை விரட்டாதீர்கள், அன்போடு மீட்டெடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் சந்ததிகளின் அறிவையும் ஈமானையும் பாதுகாப்பானாக! ஆமீன்.