வேகமானியில் தெரியாத இன்பம்

கார் வாங்க நினைக்கும் இளைஞர் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை குதிரைத்திறன்?" என்பது. அடுத்தது, "எவ்வளவு வேகம் போகும்?" மணிக்கு 200 கி.மீ. என்று விற்பவர் சொன்னால் அவர் மனம் பூரிக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் செல்ல இந்தியாவிலோ, ஜப்பானிலோ, அமெரிக்காவிலோ எந்தப் பொதுச் சாலையிலும் சட்டம் இடம் தருவதில்லை. பயன்படுத்தவே முடியாத ஒன்றுக்கு நாம் விலை கொடுக்கிறோம்.

சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே ஓட்டுவதற்கு இன்பமாக உள்ள, விலையும் கைக்கு எட்டுகிற புதிய கார் ஒன்று இருக்க முடியுமா? முடியும். அது எப்படி என்று பார்ப்போம்.

உடல் எதை உணர்கிறது?

மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்தில் பயணி நிம்மதியாகத் தூங்குகிறார். ஊஞ்சலில் ஆடும் குழந்தையோ குதூகலிக்கிறது. ஊஞ்சல் 1 மீட்டர் உயரம் எழும்பி இறங்கினால், அதன் உச்ச வேகம் மணிக்கு 16 கி.மீ. மட்டுமே! விமானத்தில் இல்லாத எந்த இன்பம் ஊஞ்சலில் இருக்கிறது?

சீரான வேகத்தை நம் உடல் உணர்வதில்லை. ஒரே சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவர், கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது என்பதைக் கலிலியோ 1632இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். நமது உட்செவியில் நுண்ணிய சுண்ணத் துகள்களும், திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்களும் உள்ளன. வேகம் மாறும்போதும், உடல் திரும்பும்போதும்தான் இவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அதாவது, நாம் அனுபவிப்பது வேகத்தை அல்ல; முடுக்கத்தை.

ஒரே உணர்வு, வெவ்வேறு ஆபத்து

ஒரு கணக்குப் போடுவோம். வளைவில் செல்லும் காரின் மையநோக்கு முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். 60 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் சென்றால், முடுக்கம் வினாடிக்கு வினாடி 3.2 மீட்டர். இது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. உடல் பக்கவாட்டில் சாய்வது நன்றாகத் தெரியும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், 240 மீட்டர் ஆரமுள்ள வளைவில் சென்றாலும் அதே 3.2தான்! உட்செவிக்கு இரண்டும் ஒன்றே.

ஆனால் திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்தால் இரண்டும் ஒன்றல்ல. ஓட்டுநர் சுதாரிக்க 1 வினாடி. பிறகு பிரேக் காரின் வேகத்தை வினாடிக்கு வினாடி 7 மீட்டர் வீதம் குறைக்கிறது என்று கொள்வோம். முதல் கார் 28 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவது நிற்பதற்கு 83 மீட்டர் வேண்டும். இயக்க ஆற்றலும் நான்கு மடங்கு. சாலை விபத்துகளில் உலகெங்கும் 2021இல் சுமார் 11.9 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. குறைந்த வேகத்தில் அதே உணர்வு கிடைக்குமானால், அதிக வேகத்தைத் தேடிப் போவானேன்?

ஒரு சிறு காரின் கதை

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்.எக்ஸ்.-5 என்ற காரை அறிமுகம் செய்தது. இரண்டே இருக்கைகள், 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 115 குதிரைத்திறன், 185 மி.மீ. அகல டயர்கள். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அமெரிக்காவில் இதன் தொடக்க விலை 13,800 டாலர். அப்போது கார்வெட் என்ற விரைவுக் காரின் விலை 31,000 டாலருக்கும் மேல். பந்தயத்தில் கார்வெட்டுக்கு எம்.எக்ஸ்.-5 ஈடாகாது. ஆயினும் 2016 ஏப்ரலுக்குள் பத்து லட்சம் எம்.எக்ஸ்.-5 கார்கள் தயாராகிவிட்டன. இதன் இரகசியம் என்ன?

முதலாவது, எடைப் பகிர்வு. காவடியில் இரண்டு குடங்களைத் தண்டின் இரு முனைகளிலும் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பிப் பாருங்கள், சிரமமாக இருக்கும். குடங்களைத் தோளருகே நகர்த்தினால் எளிதில் திரும்பலாம். நிறை நடுவில் சேரும்போது நிலைமத் திருப்புத்திறன் குறைகிறது. எம்.எக்ஸ்.-5இல் எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்கப்பட்டுள்ளது. எனவே ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் கார் தயங்காமல் திரும்புகிறது.

இரண்டாவது, அளவான டயர். வளைவில் டயரின் ரப்பர் சற்று முறுங்குகிறது. அது நேராக முயல்வதால் ஸ்டீயரிங்கில் ஓர் எதிர்விசை தோன்றுகிறது. டயரின் பிடிப்பு எல்லையை நெருங்கும்போது இவ்விசை தளர்கிறது. "போதும்" என்று டயர் கைக்குச் சொல்லும் செய்தி இது. மிக அகலமான டயரில் அந்த எல்லை சட்டபூர்வ வேகங்களுக்கு வெகுதூரம் அப்பால் இருப்பதால், செய்தி நமக்கு வந்து சேர்வதே இல்லை.

மூன்றாவது, அளவான திறன். 2015இல் வந்த நான்காம் தலைமுறை எம்.எக்ஸ்.-5இன் 1.5 லிட்டர் வகை, மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட 8 வினாடிக்குச் சற்று மேல் எடுக்கிறது. அதுவரை ஓட்டுநர் எஞ்சினின் முழுத் திறனையும், கியர்களையும் பயன்படுத்தி மகிழலாம். 4 வினாடியில் எட்டும் காரில், ரசிக்கத் தொடங்குமுன் காலை எடுத்துவிட வேண்டும்!

நான்காவது, தாழ்ந்த இருக்கை. தரை நம் கண்ணுக்கு ஓடும் வேகம், காரின் வேகத்தைக் கண்ணின் உயரத்தால் வகுப்பதைப் பொறுத்தது. கண் 1.1 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது மணிக்கு 60 கி.மீ.யில் தெரியும் ஓட்டம், 1.5 மீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு 82 கி.மீ.யில்தான் தெரியும்.

எடை குறைவாக இருப்பதால் பணமும் மிச்சமாகிறது. கனமான காருக்குப் பெரிய எஞ்சின், பெரிய பிரேக், அகல டயர் எல்லாம் வேண்டும். இவையே எடையை மேலும் கூட்டுகின்றன, விலையையும் கூட்டுகின்றன.

எடை குறைந்த காருக்கு ஒரு குறையும் உண்டு. கனமான வண்டியுடன் மோதினால், உந்த அழியா விதிப்படி இலேசான வண்டியின் வேகமே அதிகம் மாறும். சட்ட வேகத்துக்குள் ஓட்டுவதற்கும், இருக்கைப் பட்டையைத் தவறாமல் அணிவதற்கும் இது மேலும் ஒரு காரணம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மாஸ்டா கார்கள் இந்தியாவில் விற்கப்படுவதில்லை. குடும்பத்துக்கு இரண்டு இருக்கைகள் போதவும் போதா. ஆனால் மேற்கண்ட விதிகள் எந்தச் சிறு காருக்கும் பொருந்தும். 2024இல் வந்த மாருதி ஸ்விஃப்ட்டும் ஒரு டன்னுக்குள் அடங்குவதே. எனவே விவரத்தாளில் குதிரைத்திறனுக்கு முன் எடையைப் பாருங்கள். அடுத்து டயரின் அகலத்தையும், இருக்கையின் உயரத்தையும் பாருங்கள். பிறகு, வளைவுகள் உள்ள ஒரு சாலையில் மணிக்கு 40 அல்லது 50 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அந்த வேகத்திலேயே உங்கள் கையோடும் காலோடும் பேசுகிற கார்தான் நீங்கள் தேடும் கார். அந்த இன்பத்தை வேகமானியின் முள் காட்டாது. உங்கள் உட்செவி காட்டும்.