ரவிதாசன் என்னும் பெயர்: உடையார்குடிக் கல்வெட்டும் பொன்னியின் செல்வனும்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' (1950–1954) புதினத்தில் ஆதித்த கரிகாலனைக் கொல்லச் சதிசெய்யும் ரவிதாசன், பாண்டியரின் ஆபத்துதவியாகவும் மந்திரவாதியாகவும் வருகிறான். பாத்திரம் கற்பனையேயாயினும் பெயர் கற்பனையன்று. கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திற்குத் தென்மேற்கே, காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் அது கல்லில் உள்ளது. முதலாம் இராசராசனுடையதாகப் பொதுவாகக் கொள்ளப்படும் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிசோழப் பிரமாதிராசன் ஆகியோரைக் குறிக்கிறது.

கல்கி பெயரை எடுத்துக்கொண்டு பட்டத்தை விட்டுவிட்டார். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பிரமாதிராசன் என்பது அந்தண அதிகாரிகளுக்கு அரசு வழங்கிய பட்டம். சுந்தரசோழனின் அமைச்சர் அநிருத்தரும் இப்பட்டம் பெற்றவரென்பது அன்பில் செப்பேட்டால் அறியப்படுவது. புதினத்திலோ அமைச்சர் 'பிரமராயர்' எனப் பட்டத்தோடு உலவ, ரவிதாசன் பட்டமிழந்து காட்டில் அலைகிறான். சோழ அதிகாரி ஒருவன் பாண்டிய ஒற்றனாக மாறியது இவ்வாறே.

'பஞ்சவன்' பாண்டியனைக் குறிக்கும் சொல்லாதலின் அவன் பாண்டியச் சார்பினன் என வாதிடுவோர் உளர். அவ்வாதம் வலுவற்றது. இராசராசனின் தேவியருள் ஒருவர் பஞ்சவன் மாதேவி. இளவரசனாயிருந்த இராசேந்திரன் பஞ்சவன் மாராயன் எனப்பட்டான். பாண்டியரை வென்ற சோழர் அவர்தம் பெயரையே பட்டமாக்கிக்கொண்டனர். மேலும், உடன்பிறந்தவனின் பட்டத்தில் இருப்பது 'இருமுடிசோழ' என்னும் அடை. இயற்பெயரும் உதவாது. ரவிதாசன் என்பதற்குக் கதிரவனின் அடியவன் என்று பொருள். கதிரவன் குலத்தவராகத் தம்மைக் கூறிக்கொண்டோர் சோழரே. அண்ணன் பெயரான சோமன் திங்களையும் குறிக்கும் என்பதற்காக அவனைத் திங்கள் குலத்துப் பாண்டியரோடு சேர்ப்பது நகைப்பிற்கிடமாகும்.

கொலையின் பின்னணியில் உத்தமசோழன் இருந்திருக்கலாம் என நீலகண்ட சாத்திரியார் ஐயுற்றார். சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்தார். எவர் தூண்டினர் என்பதற்குக் கல்வெட்டில் விடையில்லை. கல்கியும் குத்திய கை எவருடையது என்பதைத் தெளிவுபடுத்தாமலே விட்டார். கல்வெட்டில் விரிவாக உள்ளது வேறொரு செய்தி: துரோகிகளின் உடைமைகளோடு, அவர்தம் மக்கள், உடன்பிறந்தோர், தாய்மாமன்மார், பெண்கொண்டோர் முதலிய உறவினரின் உடைமைகளையும் பறிக்கும் ஆணை. அது வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு விடுக்கப்பட்டது. வீராணம் ஏரிக்கரையிலிருந்த அந்தப் பிரமதேயத்தில் நிலமும் மனையும் உறவும் உடையவர்களாகவே அவர்கள் இருந்தனர்.