பச்சைப் புள்ளி இருந்தா போதுமா? பாக்கெட்டில் இருக்கும் '631' எங்கிருந்து வருகிறது?

ஞாயிற்றுக்கிழமை மாலை. புனே விஷ்ராந்த்வாடியில் நாங்கள் வழக்கமாக மளிகை வாங்கும் கடை. இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்த தோழி அப்படியே நின்றுவிட்டாள். "ஏய், இதுல 631னு போட்டிருக்குடி. அது பன்னிக் கொழுப்புனு அம்மா வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு அனுப்பியிருந்தாங்க."

பாக்கெட்டின் முன்பக்கம் பச்சைப் புள்ளி. பின்பக்கம் 'ஃபிளேவர் என்ஹான்சர் (627, 631)'. எதை நம்புவது?

அவள் பிறந்ததிலிருந்து சைவம். ஊரை விட்டு வந்து, வேலை முடிந்து களைத்துப்போய், பாக்கெட்டை நம்பிச் சாப்பிடும் பலருக்கும் இந்தச் சந்தேகம் ஒருநாள் வந்திருக்கும். சைவமோ, வீகனோ, ஹலால் பார்ப்பவரோ, கேள்வி ஒன்றுதான்: இது எதிலிருந்து வந்தது?

631 என்றால் பன்றிக் கொழுப்பா?

இல்லை. 631 கொழுப்பே கிடையாது. டைசோடியம் இனோசினேட் என்ற ஒரு வகை உப்பு அது. மோனோசோடியம் குளூட்டமேட்டுடன் சேரும்போது சுவையைத் தூக்கிக் கொடுக்கும். அதனால்தான் நூடுல்ஸ் மசாலாவிலும் சிப்ஸிலும் இருக்கிறது.

ஆனால் சந்தேகமே தப்பு என்று சொல்லிவிட முடியாது. இந்த உப்பை இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோ எடுக்கலாம். மரவள்ளி ஸ்டார்ச் போன்றவற்றை நுண்ணுயிர்களால் நொதிக்க வைத்தும் தயாரிக்கலாம். எந்த வழியில் வந்தாலும் மூலக்கூறு ஒன்றே, எண்ணும் ஒன்றே. எண் அது *என்ன* என்று மட்டும் சொல்லும். *எங்கிருந்து* வந்தது என்று சொல்லாது.

வேறு எதிலெல்லாம் இந்தக் குழப்பம் இருக்கு?

* 471: மோனோ, டைகிளிசரைடுகள். பிரெட், ஐஸ்கிரீம், கேக் ஆகியவற்றில் எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கும். பாமாயிலிலிருந்தும் வரலாம், மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பிலிருந்தும் வரலாம்.
* ஜெலட்டின்: மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய்களில் இருப்பது. மாடு, பன்றி, மீன் போன்றவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுக்கிறார்கள். இதற்குத் தாவர வடிவம் கிடையாது. அகர் அகர், பெக்டின் போன்றவை மாற்றுப் பொருட்கள்.
* 120: கார்மைன் எனும் சிவப்பு நிறமி. சப்பாத்திக்கள்ளியில் வாழும் கோச்சினீல் பூச்சியைக் காயவைத்து எடுப்பது. அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் தன் ஸ்ட்ராபெர்ரி பானங்களில் இதைப் பயன்படுத்தியது. 2012-ல் எதிர்ப்பு கிளம்பியதும் தக்காளியிலிருந்து எடுக்கும் லைக்கோபீனுக்கு மாறியது.
* 920: எல்-சிஸ்டீன். பிரெட் மாவை இளக்கப் பயன்படும். பறவை இறகுகளிலிருந்தும் எடுக்கலாம், நொதித்தல் மூலமும் தயாரிக்கலாம்.
* ரென்னெட்: பாலைத் திரித்துச் சீஸ் ஆக்கும் நொதி. கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது பழைய முறை, நுண்ணுயிர் வழியாகத் தயாரிப்பது புதிய முறை. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸுக்குக் கன்றின் ரென்னெட் கட்டாயம்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

இதே கேள்வியை ராம் கௌவா ரக்ஷா தள் என்ற அறக்கட்டளை டெல்லி உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2021 டிசம்பர் 9 அன்று நீதிபதிகள் விபின் சாங்கி, ஜஸ்மீத் சிங் அமர்வு பிறப்பித்த உத்தரவில் 631-ஐயே உதாரணமாக எடுத்துக்கொண்டது.

உத்தரவின் சாரம் இதுதான்: ஒரு மூலப்பொருளின் குறியீட்டு எண்ணை மட்டும் போட்டால் போதாது. அது தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வகத்தில் தயாரானதா என்றும் நிறுவனங்கள் சொல்ல வேண்டும். விலங்குப் பொருள் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த உணவு அசைவம்தான். தான் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்துகொள்வது ஒருவரின் உரிமை என்று கூறிய நீதிமன்றம், அரசமைப்புச் சட்டத்தின் 21, 25-வது பிரிவுகளைச் சுட்டிக்காட்டியது.

நாங்கள் கையில் வைத்திருந்த பாக்கெட்டில் எண் மட்டும்தான் இருந்தது. மூலம் இல்லை.

அப்போ பச்சைப் புள்ளியை நம்பலாமா?

631 இருக்கும் பாக்கெட்டில் பச்சைப் புள்ளியும் இருந்தால், அந்த 631 விலங்கிலிருந்து வரவில்லை என்று நிறுவனம் சட்டப்படி பொறுப்பேற்கிறது என்று அர்த்தம். தவறான லேபிள் போட்டால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 52-வது பிரிவின்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆக, எண்ணைவிடப் புள்ளிதான் உங்களுக்கு அதிகம் சொல்கிறது.

ஆனால் புள்ளி என்பது சட்டம் கிழித்த ஒரு கோடு. எங்கே கிழித்திருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்திய விதிகளின்படி விலங்கு, பறவை, மீன், பூச்சி, முட்டை, இவற்றிலிருந்து வரும் எதுவும் அசைவம். விலக்கு பெற்றவை: பால், பால் பொருட்கள், தேன், தேன்மெழுகு, ஷெல்லாக்.

ஷெல்லாக் வேறொன்றுமில்லை, நமக்குத் தெரிந்த அரக்குதான். மிட்டாய்களுக்கும் மாத்திரைகளுக்கும் பளபளப்பு தருவது. அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின் அது. ஜார்க்கண்ட்தான் இந்தியாவில் அதை அதிகம் உற்பத்தி செய்யும் மாநிலம். லேபிளில் 904 என்று வரும். 904 இருந்தும் பச்சைப் புள்ளி போடலாம், சட்டப்படி தப்பில்லை. வீகன் ஒருவருக்கு அது போதாது. அதற்காகத்தான் 2022-ல் வீகன் உணவுக்குத் தனி விதிகளும், இலையோடு கூடிய பச்சை 'வி' முத்திரையும் வந்தன.

ஹலால் பார்ப்பவர்களுக்கு வேறு சிக்கல். அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம் எந்த விலங்கு என்று சொல்லாது. 471 என்று மட்டும் இருந்தால் அது மாடா, பன்றியா என்று அதை வைத்துத் தெரியாது.

புள்ளியே இல்லாத இடங்கள்?

ஆன்சைட் போனவர் வாங்கி வந்த சாக்லேட், பேக்கரியில் தாளில் சுற்றித் தரும் பன், மருந்து கேப்ஸ்யூலின் ஜெலட்டின் உறை. இங்கே விசாரிப்பதுதான் வழி.

உணவகத்துக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் தன் ஃபிரெஞ்ச் ஃபிரைஸைத் தாவர எண்ணெயில் பொரிப்பதாக 1990-ல் அறிவித்தது. அதில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி இருப்பது தெரியாமலேயே சைவர்கள் சாப்பிட்டு வந்தார்கள். 2001-ல் வழக்குப் போட்டார்கள். 2002-ல் நிறுவனம் 1 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. எண்ணெய் தாவரம் என்றார்கள், சுவையூட்டி பற்றிச் சொல்லவில்லை.

கடையில் என்ன செய்யலாம்?

1. முதலில் புள்ளியா, முக்கோணமா என்று பாருங்கள். எண்களை அதற்குப் பிறகு பாருங்கள்.
2. வீகன் என்றால் பால், தேன், 901 (தேன்மெழுகு), 904 ஆகியவற்றையும் தேடுங்கள்.
3. மூலம் எழுதவில்லையா? பாக்கெட்டில் உள்ள வாடிக்கையாளர் மின்னஞ்சலுக்கு "இந்த 631 எதிலிருந்து தயாரிக்கப்பட்டது?" என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.
4. லேபிள் தவறு என்று தோன்றினால், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் தளத்தில் படத்துடன் புகார் செய்யலாம்.

தோழி கடைசியில் அந்த நூடுல்ஸைக் கூடையில் போட்டாள். பில் போடும் வரிசையில் நின்றபடியே அம்மாவுக்குப் பதில் அனுப்பினாள்: "631 பன்னிக் கொழுப்பு இல்லைமா. பச்சைப் புள்ளி இருக்கு. ஆனா எதுலேர்ந்து வந்துச்சுன்னு கம்பெனி எழுதணும்னு கோர்ட் சொல்லியிருக்கு. மெயில் போட்டுக் கேக்கறேன்."