மொட்டை மரம் செத்த மரமா?

பிப்ரவரி மாதம் பிறந்ததும், நெகிரி செம்பிலானில் இன்னும் மிஞ்சியிருக்கும் ரப்பர் தோட்டங்களைக் கவனியுங்கள். பச்சையாக இருந்த இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறும். சில வாரங்களில் வெறும் கிளைகள்தான் நிற்கும், தரையெல்லாம் சருகு. தோட்டத்தில் பால் வெட்டிய உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால், "எல உதிருற காலம், பால் கொறஞ்சிடும்" என்பார்கள். மரம் செத்துவிட்டது என்று அவர்கள் சொல்லமாட்டார்கள்.

தோட்டத்தை விட்டுப் பாரோய் போன்ற இடங்களில் உள்ள தாமான்களுக்குக் குடிவந்த நம்மில் பலருக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போனது. வீட்டு முன்னால் நிற்கும் கெத்தாப்பாங் மரம் (நாட்டு வாதுமை) திடீரென இலையெல்லாம் கொட்டினால், "பட்டுப்போச்சு, வெட்டிடலாம்" என்கிறோம். பல ஆண்டுகள் வளர்ந்த நிழல் ஒரு காலை வேளையில் காணாமல் போகிறது. கத்தியை எடுக்கும் முன், இலை எப்படி உதிர்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இலையைக் காற்று பறிப்பதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் மரமே அதைக் கழற்றிவிடுகிறது. இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மெல்லிய உயிரணு அடுக்கு ஒன்று உண்டு. இலை நல்ல நிலையில் இருக்கும்வரை, அதிலிருந்து ஆக்சின் என்னும் வளரூக்கி அந்த அடுக்குக்கு வந்துகொண்டே இருக்கும். இலை முதிர்ந்தாலோ, தண்ணீர் குறைந்தாலோ ஆக்சின் குறையும். எத்திலீன் என்னும் வாயு கூடும். உடனே நொதிகள் உருவாகி, உயிரணுக்களை ஒட்டி வைத்திருக்கும் பசையைக் கரைக்கும். அதற்கு முன்பே மரம் இலையில் உள்ள பச்சையத்தைச் சிதைத்து, நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளில் பெரும்பகுதியைக் கிளைக்குள் இழுத்துக்கொள்ளும். வீடு மாறுபவர் சாமான்களை ஏற்றிவிட்டுக் கதவைப் பூட்டுவது போலத்தான். இலை விழுந்த இடத்தில் தக்கை மூடிக்கொள்ளும்.

இத்தனை வேலையையும் உயிருள்ள கிளைதான் செய்ய முடியும். புயல்காற்றில் முறிந்து தொங்கும் கிளையைப் பார்த்திருப்பீர்கள். அதன் இலைகள் காய்ந்து பழுப்பாகி, வாரக்கணக்கில் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கழற்றிவிட அங்கே உயிர் இல்லை. ஆக, நாம் பயப்பட வேண்டியது இலை காய்ந்தும் விழாமல் நிற்கும் கிளையைப் பார்த்துத்தான்.

மழை நாடான மலேசியாவில் மரம் ஏன் இலையை உதிர்க்க வேண்டும்? இலைகள் வழியாகத்தான் மரம் பெருமளவு நீரை ஆவியாக இழக்கிறது. ஆண்டின் தொடக்க மாதங்களில் இங்கே மழை குறையும். தீபகற்பத்தில் மிகக் குறைந்த மழை பெறும் ஜெலெபு நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. ரப்பரின் பூர்வீகம் அமேசான். 1876இல் அதன் விதைகள் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. இலையுதிர்க்கும் குணமும் கூடவே வந்தது. மூன்று நான்கு வயதாகும்வரை ரப்பர் கன்று இப்படி மொட்டையாவதில்லை. அதன் பிறகு ஆண்டுதோறும் உதிர்க்கும். புதுத் தளிருக்கான சர்க்கரையைச் சேமிப்பிலிருந்து எடுப்பதால் அந்த வாரங்களில் பால் குறையும். எடைக்குக் கூலி வாங்கிய குடும்பங்களுக்கு அது கஷ்டகாலம்.

குளிர் நாடுகளிலும் இதே குழப்பம் உண்டு. அமெரிக்காவின் தென்கிழக்குச் சதுப்பு நிலங்களில் மொட்டை சைப்ரஸ் என்றொரு மரம் வளர்கிறது. ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை எப்போதும் பச்சையாகவே இருக்கும். இதுவோ குளிர்காலத்துக்கு முன் செம்பழுப்பாகி எல்லாவற்றையும் உதிர்த்துவிடும். பெயரே அதனால்தான் வந்தது. வீட்டுத் தோட்டத்தில் அதைப் புதிதாக நட்டவர்கள் முதல் குளிர்காலத்தில் பதறிப்போவதுண்டு. வட கரோலினாவில் உள்ள அந்த இனத்து மரம் ஒன்றின் வயது, 2018ஆம் ஆண்டுக் கணக்குப்படி, குறைந்தது 2,624. எத்தனை முறை மொட்டையாகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்!

உங்கள் வீட்டு மரத்தை இப்படிச் சோதிக்கலாம். பென்சில் தடிமனுள்ள சிறு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் அந்தக் கிளை செத்தது. முழு மரமும் செத்ததாக அர்த்தமில்லை. மரத்தின் வேறு வேறு பக்கங்களில் நாலைந்து கிளைகளைப் பாருங்கள். பிறகு சில வாரங்கள் பொறுங்கள். கெத்தாப்பாங் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை உதிர்த்து, விரைவிலேயே துளிர்த்துவிடும்.

அதுவரை மரத்துக்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். மொட்டையாக நிற்கும்போது உரம் போடாதீர்கள். இலை இல்லாத மரம் தண்ணீரையே குறைவாகத்தான் உறிஞ்சும், மழை வந்தால் உரம் கால்வாய்க்குத்தான் போகும். தளிர் முற்றிய பின் போடலாம். இளம் மரமாக இருந்து மண் வறண்டிருந்தால், வாரம் ஒன்றிரண்டு முறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். தண்டின் அடியில் ஊற்றாமல், கிளைகளின் நுனிக்குக் கீழே வட்டமாக ஊற்றுங்கள். நீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அங்கே அதிகம்.

சருகைக் கொளுத்த வேண்டாம். திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடை செய்கிறது. சருகை இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் மரத்தைச் சுற்றிப் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கும். தண்டை மட்டும் தொடக்கூடாது. கெத்தாப்பாங் இலை அகலமானது, மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். கையால் நொறுக்கிப் பரப்புங்கள். (சண்டை மீன் வளர்க்கும் நண்பர்கள் இருந்தால், தொட்டியில் போடுவதற்கு அந்தச் சருகைக் கேட்டு வந்து நிற்பார்கள்.)

ஒரு பக்கக் கிளைகள் மட்டும் காய்ந்தால், இலைகள் விழாமல் கருகித் தொங்கினால், அல்லது அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தால் காத்திருக்க வேண்டாம். அது வேர் நோயாக இருக்கலாம், மரம் சாயக்கூடும். வேலிக்கு வெளியே சாலையோரம் நிற்கும் மரமென்றால் சிரம்பான் மாநகர் மன்றத்துக்குத் தெரிவிக்கும்படி அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள்.